பதினேழு சிகரங்கள் கொண்ட ஸ்டட்டு

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. காலை நீட்டிக்கொள்ள இடம் இருக்கிறதா? மடக்க முடிகிறவர்கள் மடக்கி உட்காருங்கள், முடியாதவர்கள் நீட்டிக்கொள்ளுங்கள், யாரும் ஒன்றும் நினைக்கப் போவதில்லை. முட்டி மடங்குவது எத்தனை பெரிய வரம் என்று இந்தக் கதை முடிவதற்குள் தெரிந்துவிடும். ஒரு காரையும், ஓர் அக்காவையும், விரல் நீள இரும்புத் துண்டு ஒன்றையும் பற்றிச் சொல்கிறேன். நடுவில் ஓர் ஆணையம் வரும். அது வரும்போது மட்டும் சிரிப்பை அடக்கிக்கொள்ளுங்கள். அவர்களுக்குச் சிரிப்பு ஆகாது.

ஒரு மீட்டர்காரர் இருந்தார். தண்ணீர் மீட்டர் பார்ப்பவர். தெருத்தெருவாகப் போய், வாசலில் குந்தி, இரும்பு மூடியைத் தூக்கி, உள்ளே முள் எங்கே நிற்கிறதோ அதை நோட்டில் எழுதுவார். மூடி துருவேறித் திறக்காவிட்டால் மற்றவர்கள் போன மாதத்தைப் பார்த்து உத்தேசமாக ஒன்றை எழுதிவிட்டு நடையைக் கட்டுவார்கள். இவர் எண்ணெய் விட்டு, காத்திருந்து, திறந்து, கண்ணால் பார்த்த பிறகுதான் எழுதுவார். இருபத்தெட்டு வருடத்தில் பார்க்காத எதையும் அவர் எழுதியதில்லை. இதை அவருடைய குணம் என்று சிலர் சொல்வார்கள், நோய் என்று அவருடைய அக்கா சொல்வாள்.

அக்கா தையல்காரி. முன்னறையில் ஒரு மிதி மிஷின், அதன் பக்கத்தில் பள்ளிச் சீருடைகள் மலையாக. ஒரு நாள் மாடிப்படியில் கால் வழுக்கி வலது முட்டி உடைந்தது. ஆபரேஷன் செய்து கம்பி வைத்துக் கட்டினார்கள். பிறகுதான் வேலையே ஆரம்பம் என்றார் உடற்பயிற்சி மருத்துவர். வாரத்துக்கு மூன்று நாள் வர வேண்டும், காலை மெள்ள மெள்ள மடக்கிப் பழக்க வேண்டும். ஆறு மாதம்தான் கெடு. அதற்குள் முட்டி எவ்வளவு மடங்குகிறதோ ஆயுசுக்கும் அவ்வளவுதான். இரண்டு பிளாஸ்டிக் பட்டைகளை நடுவில் கோத்த மாதிரி ஓர் அளவுகோல் வைத்திருந்தார். அதைத் தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் வைத்து அளந்து, முதல் மாத முடிவில் எழுபது பாகை என்றார். மிஷின் மிதிக்க நூறு வேண்டும் என்று அக்கா சொன்னாள். வந்துவிடும், ஒரு நாளும் தவறாமல் வாருங்கள் என்றார் அவர்.

வருவதில்தான் சிக்கல். நீட்டிய காலோடு எந்த டாக்சியிலும் ஏற முடியவில்லை. ஒரு தடவை முயன்று பார்த்ததில் அக்காவின் பாதம் ஓட்டுநரின் காதருகே போய் நின்றது. அவளுக்குச் சௌகரியமாக இருந்தது ஒரே ஒரு வண்டிதான். அப்பா விட்டுப்போன பழைய பச்சைக் கார். ஐம்பத்து மூன்று வயது. கதவு அலமாரிக் கதவு மாதிரி அகலத் திறக்கும். முன்னால் பிரிவில்லாத நீள சீட்டு, கால் வைக்கும் இடத்தில் ஒரு குழந்தையைப் படுக்க வைக்கலாம். அக்கா அதில் மகாராணி மாதிரி காலை நீட்டிப் போய்வந்தாள்.

இரண்டாம் மாதத் தொடக்கத்தில் ஒரு காலை, வண்டி கிளம்பியதும் டிராக்டர் மாதிரிச் சத்தம் போட்டது. உள்ளே புகை. மெக்கானிக் வந்து பானட்டைத் தூக்கிப் பார்த்தார். எஞ்சினின் புகையை ஒன்றாகச் சேர்த்து சைலன்சருக்கு அனுப்பும் வார்ப்பிரும்புக் குழாய் ஒன்று இருக்கிறது, மேனிஃபோல்டு என்பார்கள். அதை எஞ்சினோடு இறுக்கிப் பிடித்திருப்பவை எட்டு ஸ்டட்டுகள். ஸ்டட்டு என்றால் வேறொன்றும் இல்லை, இரண்டு முனையிலும் மரை போட்ட விரல் நீள எஃகுக் கம்பி. ஒரு முனை எஞ்சினுக்குள் போய் உட்காரும், மறுமுனை வெளியே தலை நீட்டும், அதில் பித்தளை நட்டைப் போட்டு முறுக்குவார்கள். சூட்டில் எஃகோடு எஃகு ஒட்டிக்கொள்ளும், பித்தளை ஒட்டாது, அதனால்தான் பித்தளை. அந்த எட்டில் ஒன்று நடுவில் ஒடிந்திருந்தது. வெளிப்பாதி நட்டோடு மெக்கானிக்கின் கையிலேயே வந்தது. உள்பாதி எஞ்சினிலேயே நின்றுகொண்டது.

மற்ற ஏழும் இன்றைக்கோ நாளைக்கோ என்றுதான் இருக்கின்றன, எட்டையும் மாற்றிவிடலாம் என்றார் மெக்கானிக். கம்பெனி மூடி எத்தனையோ வருடமாகிறது, கடையில் கிடைக்காது, ஆனால் மூன்றாவது தெரு லேத்துக்கார அம்மாவிடம் ஒன்றைக் காட்டினால் எட்டையும் கடைந்து கொடுத்துவிடும், மத்தியானத்துக்குள் வண்டி ரெடி. இப்படியே ஓட்டினால் இரண்டு பேரும் புகையில் மயங்கி எங்காவது போய் முட்டுவீர்கள் என்றும் சொன்னார்.

இந்த இடத்தில்தான், கண்ணுகளா, நம் மீட்டர்காரர் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார். அலுவலகச் சுவரில் ஓர் அறிவிப்பை அவர் படித்திருந்தார். படிப்பவர் யாருமில்லாததால் அது சுவரோடு சுவராக மஞ்சளித்துப் போயிருந்தது. ஐம்பது வயது தாண்டிய வாகனத்தில் எந்தப் பாகத்தை மாற்றுவதானாலும் தொன்மை வாகன மெய்ந்நிலைக் காப்பு ஆணையத்தின் முன் அனுமதி பெற வேண்டும்.

"ஊருல இத்தன பழைய வண்டி ஓடுது. யாருண்ணே போய்க் கேக்கறாங்க?" என்றார் மெக்கானிக்.

"படிச்சிட்டேனே," என்றார் மீட்டர்காரர். "ஒரு மணி நேரந்தான். கேட்டுட்டு வந்திடறேன்."

ஒடிந்த பாதியை ஒரு காகிதத்தில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமலிருந்தது வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான், அதை நினைத்து அவள் பின்னால் நிறையவே வருத்தப்பட்டாள்.

ஆணையத்தின் கட்டடம் வழவழவென்று புதிதாக இருந்தது. பழையதைக் காப்பவர்கள் பழைய கட்டடத்தில் இருந்தால் கவனம் சிதறும் என்பதால் இடித்துக் கட்டியதாக வாசலில் கல்வெட்டே வைத்திருந்தார்கள். உள்ளே செருப்பைக் கழற்றி, கொடுத்த உறையைக் காலில் மாட்டிக்கொண்டு நடக்க வேண்டும். கூடத்தில் கண்ணாடிப் பெட்டிகள். ஒன்றில் ஒரு காரின் கைப்பிடி. ஒன்றில் சிமெண்டுத் தரையோடு வெட்டியெடுத்த எண்ணெய்க் கறை, 'ஒழுகிய நிலையிலேயே' என்ற சீட்டோடு. ஒன்றில் மூடிபோட்ட பாட்டில். அதில் ஒன்றும் தெரியவில்லையே என்று மீட்டர்காரர் குனிந்து பார்த்தார். அறுபது வருடம் முன்பு ஒரு டயரில் அடைத்த காற்று என்று எழுதியிருந்தது. முழுதாக ஒரு கார் எங்காவது இருக்கும் என்று தேடினார். இல்லை.

கவுண்டரில் ஒரு படிவம் தந்தார்கள். பாகத்தின் பெயர். பாகம் கடைசியாக நல்ல நிலையில் காணப்பட்ட நேரம். அப்போது உடனிருந்தோர். பாகம் தன் கடமையிலிருந்து விலகியதற்கு உரிமையாளர் எந்த வகையில் காரணம். மீட்டர்காரர் தெரிந்ததை எழுதினார், தெரியாத இடத்தில் 'பார்க்கவில்லை' என்று எழுதினார். கவுண்டர் ஊழியர் ஒடிந்த பாதியை இடுக்கியால் எடுத்து, பஞ்சு வைத்த பெட்டியில் கிடத்தி, ரசீது கொடுத்தார். எப்போது வரவேண்டும் என்று கேட்டதற்கு, வரவேண்டாம், ஆணையமே வரும் என்றார்.

சொன்னபடி மறுநாளே வந்தது. இரண்டு பேர் வந்து பானட்டைச் சுற்றிக் கம்பி கட்டி, ஈயத்தில் முத்திரை அடித்தார்கள். தீர்மானம் வரும்வரை வண்டியைத் திறக்கவோ ஓட்டவோ கூடாது. முத்திரை உடைந்தால் வண்டி ஆணையத்தின் சொத்தாகிவிடும். அதுவும் அறிவிப்பிலேயே இருந்ததாம், மூன்றாம் பத்தியில். மீட்டர்காரர் இரண்டு பத்தியோடு நிறுத்தியிருந்தார்.

அன்று சாயங்காலம் மெக்கானிக் முத்திரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நல்லா வேல செஞ்சிருக்காங்க," என்றார்.

மூன்று வாரம் கழித்து மூத்த ஆய்வாளர் கூப்பிட்டு அனுப்பினார். வெள்ளை மேலங்கி, வெள்ளைக் கையுறை, நெற்றியில் ஒரு பூதக்கண்ணாடி. ஆணையத்திலேயே பெரிய நிபுணர் அவர்தான். பதினெட்டு வருட சேவையில் ஒரு காரின் பானட்டையும் அவர் திறந்ததில்லை என்று அவரே பெருமையாகச் சொன்னார். திறந்தால் உள்ளே இருக்கும் தொன்மை வெளியேறிவிடுமாம். மேசைமேல் விளக்கடியில் அந்த ஒடிந்த பாதி கிடந்தது. சுவரில் அதன் வரைபடம், ஆள் உயரத்துக்கு.

"இந்த முனையப் பாருங்க," என்றார் ஆய்வாளர். "பாத்தா கன்னாபின்னான்னு இருக்கற மாதிரி தெரியும். நானும் முதல் வாரம் அப்படித்தான் நெனச்சேன். அப்புறம் எண்ணினேன். பதினேழு சிகரம், பதினாறு பள்ளம். ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல. இன்னிக்கு எந்தக் கம்பெனிக்காரன் ஒரு ஸ்டட்டோட முனைக்கு இவ்வளவு மெனக்கெடுவான்?"

"அது ஒடஞ்ச இடம் சார்."

ஆய்வாளர் புன்னகைத்தார். இந்தப் பதிலை அவர் ஏற்கெனவே எதிர்பார்த்துத் தாளில் குறித்து வைத்திருந்தார்.

"பொதுமக்களுக்கு அப்படித்தான் தோணும். தோணறதுல தப்பில்ல. அதுக்குத்தான் நாங்க இருக்கோம்."

"மறுபாதி எஞ்சினுக்குள்ள இருக்கு சார். பானட்டத் தூக்கினா ரெண்டையும் சேத்து வச்சுப் பாத்திடலாம்."

"பானட் சீல் ஆகியிருக்கே. பாக்க முடியாத ஒண்ண ஆணையம் எப்படி ஏத்துக்கும்? நீங்க மீட்டர் பாக்கறவருன்னு போட்டிருக்கு. பாக்காததை நீங்க எழுதுவீங்களா?"

"எழுத மாட்டேன் சார்," என்றார் மீட்டர்காரர். தன் வாழ்நாள் ஒழுக்கத்தை எடுத்துத் தன் கழுத்திலேயே யாரோ சுருக்குப் போட்ட மாதிரி இருந்தது. ஆய்வாளர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, இந்த நீளம், இந்த முனை, இதுதான் மெய்யான வடிவம் என்று தீர்மானமாகிவிட்டதென்றும், இதே போல் எட்டு செய்ய ஆணையம் உத்தரவு கொடுக்கும் என்றும் சொன்னார். அவசரம் வேண்டாம் என்று தேறுதல் வேறு சொன்னார். ஐம்பத்து மூன்று வருடம் பொறுத்த வண்டி இன்னும் சில மாதம் பொறுக்காதா?

அக்காவின் கால் பொறுக்கவில்லை. வாரத்துக்கு மூன்று நாள் என்பது ஒரு நாளானது. அதுவும் மெக்கானிக் தன் சரக்கு வண்டியைக் கொண்டுவரும் நாள் மட்டும். பின்னால் மெத்தை போட்டு அக்காவைப் படுக்க வைத்து, சோபா இறக்குவது மாதிரி ஆஸ்பத்திரி வாசலில் இறக்குவார்கள். சாலையில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரு நிமிடம் நின்று பார்ப்பார்கள். அக்கா வானத்தைப் பார்த்துக்கொண்டு, "என்னைக் கீழ்ப்படில எறக்குங்க, மாடிக்கு டெலிவரி கிடையாது," என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள், தம்பியைத் தவிர. உடற்பயிற்சி மருத்துவர் பிளாஸ்டிக் பட்டையை வைத்து அளப்பார். எழுபத்தொன்று. மறுவாரம் எழுபது. அடுத்த வாரம் எழுபத்திரண்டு. அவர் எண்ணைச் சொல்லும்போது இப்போதெல்லாம் அக்காவின் முகத்தைப் பார்ப்பதில்லை, சுவர்க் காலண்டரைப் பார்ப்பார்.

சீருடை மலையை வேறொரு தையல்காரி வந்து எடுத்துப்போனாள். அக்கா இடது காலை மட்டும் வைத்து மிதித்துப் பார்த்தாள். வலது கால் மிஷினுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. மிஷின் இரண்டு சுற்று முன்னால் போகும், ஒரு சுற்று பின்னால் வரும், நூல் அறுந்துபோகும். மீட்டர்காரர் பக்கத்து அறையில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஊரில் ஒருவரும் போய்க் கேட்காததைக் கேட்டுவிட்டு வந்தவர் அவர் ஒருவர்தான்.

நாலாவது மாதம் லேத்துக்கார அம்மா ஒரு மத்தியானம் வீட்டுக்கு வந்தாள். பெரிய உருவம், முழங்கைவரை எண்ணெய்க் கறை, தோளில் ஒரு துணிப்பை. ஆணையத்தின் உத்தரவு சுற்றிச் சுற்றி அவள் பட்டறைக்கே வந்திருந்தது. வரைபடத்தைத் தரையில் விரித்துக் காட்டினாள். அக்கா மிஷின் ஸ்டூலில் இருந்தபடியே எட்டிப் பார்த்தாள்.

"நாலு தடவ சொன்னேன்க்கா. ஐயா, இது ஒடஞ்ச சாமான், எதுலயும் மாட்ட வராதுன்னு. வரைபடம் படிக்கத் தெரியாதான்னு கேட்டாரு அந்தக் கையுறைக்காரரு."

"அப்ப எப்படிச் செஞ்ச?"

"வேற எப்படி? ஒடஞ்சதச் செய்யணும்னா மொதல்ல முழுசாச் செய்யணும், அப்புறம் ஒடிக்கணும். எட்டும் முழுசாக் கடஞ்சு, இடுக்கில மாட்டி ஒடிச்சுக் குடுத்தேன். பதினாலு சிகரந்தான் இருக்குன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. மறுபடி எட்டு. அதுல ஒண்ணுல பதினெட்டாம். மிகைப்படுத்தல்னு செவப்பு மையில எழுதி அனுப்பியிருக்காங்க. இப்ப பூதக்கண்ணாடி வச்சுக்கிட்டு ஊசி அரத்தால ஒவ்வொரு சிகரமா ராவிக்கிட்டிருக்கேன். எங்க வீட்டுக்காரரு நான் நகை வேலைக்குப் போயிட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறாரு."

அக்கா சிரித்து நான்கு மாதமாகியிருந்தது. சிரித்த சிரிப்பில் கால் ஸ்டூலில் இடித்து, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி சிரித்தாள்.

லேத்துக்கார அம்மா துணிப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மிஷின்மேல் வைத்தாள். பிரித்துப் பார்த்தால் முழுதாக எட்டு ஸ்டட்டு. கூடவே எட்டு பித்தளை நட்டு, பளபளவென்று.

"ஒடிச்சு ஒடிச்சு கை அதுக்கே பழகிடும்போல இருந்துச்சு. அதான் நடுவுல இதையும் செஞ்சு வச்சேன். மெக்கானிக்கு அண்ணன் அளவு குடுத்தாரு."

மீட்டர்காரர் ஒன்றைக் கையில் எடுத்தார், மரையில் நட்டைப் போட்டுத் திருகினார். வெண்ணெயில் போவது மாதிரிப் போனது. ஜன்னல் வழியே வெளியே நின்ற வண்டியைப் பார்த்தார். ஈய முத்திரை வெயிலில் மின்னியது. திரும்பப் பொட்டலத்தில் வைத்தார்.

ஆறாவது மாதம் தொடங்கியதும் அழைப்பிதழ் வந்தது. மெய்ந்நிலை ஸ்டட்டுகள் வழங்கும் விழா, தலைவர் முன்னிலையில், காலை ஒன்பது மணி. விழா நாளன்று அக்காவின் கெடுவுக்கு இரண்டு வாரம்தான் பாக்கி இருக்கும். அன்று பத்தரைக்கு மருத்துவரிடம் நேரம் வாங்கியிருந்தாள். விழா முடிந்ததும் நேரே போய்விடலாம் என்று மெக்கானிக்கும் ஸ்பானர் பையோடு வந்தார். பையில் அந்தப் பொட்டலமும் இருந்தது.

பச்சைக் காரை இழுவை வண்டியில் கொண்டுபோய் ஆணையத்தின் முற்றத்தில் சிவப்புக் கம்பளத்தில் நிறுத்தியிருந்தார்கள். விழாவுக்குப் போட்ட நாற்காலிகள் எதிலும் அக்காவால் உட்கார முடியவில்லை. அதனால் காரின் கதவைத் திறந்து முன்சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். காட்சிப் பொருளின் ஒரு பகுதி என்று நினைத்துப் புகைப்படக்காரர் அவளையும் சேர்த்து எடுத்தார். தலைவர் வந்தார். அந்த வருடத்துப் புத்தம்புது கார், சத்தமே இல்லாதது. இறங்கியதும் பச்சைக் காரைத் தூர இருந்தே கும்பிட்டார்.

தலைவர் பேசினார். நாற்பது நிமிடம். ஓட்டம் என்பது பொருள்களுக்கு நேரும் ஒருவித விபத்து என்றார். ஒவ்வொரு தடவை சாவி போடும்போதும் ஒரு வரலாறு கொஞ்சம் தேய்கிறது என்று சொல்லும்போது குரல் கம்மியது. இந்த எட்டு ஸ்டட்டுகளுக்காக மூத்த ஆய்வாளர் நான்கு மாதம் கண் கெட உழைத்ததைப் பாராட்டினார். லேத்துக்கார அம்மா கடைசி வரிசையில் சிவந்த கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள், அது ராவியதில் வந்த சிவப்பு. பிறகு நீலத் துணி விரித்த பெட்டியைத் திறந்து காட்டினார்கள். ஒன்று மாதிரி ஒன்றாக எட்டு அரை ஸ்டட்டுகள். எட்டிலும் பதினேழு சிகரம், பதினாறு பள்ளம். கூட்டம் கை தட்டியது.

பெட்டியை வாங்கும் முன் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். 'எட்டு ஸ்டட்டுகளும் முழுமையானவை, குறையற்றவை எனக் கண்டு பெற்றுக்கொண்டேன்.' கீழே உரிமையாளர் குறிப்புக்கு ஒரு வரி இடம். கையெழுத்தான பிறகே முத்திரை அறுக்கப்படும்.

மீட்டர்காரர் பேனாவைப் பிடித்தார். பெட்டியைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். காரில் நீட்டிக் கிடந்த அக்காவின் காலைப் பார்த்தார். இரண்டே இரண்டு வாரம். ஒரு கையெழுத்து. அவர் கை அந்த வரியில் எழுதியது: 'எட்டையும் பார்த்தேன். எட்டும் உடைந்தவை.'

ஆய்வாளர் எட்டிப் படித்ததும் பூதக்கண்ணாடி நெற்றியிலிருந்து நழுவி மூக்கில் விழுந்தது. தலைவர் வாங்கிப் படித்தார். மைக் இன்னும் அணைக்கவில்லை.

"இத அடிச்சிட்டு ஒழுங்கா எழுதுங்க. இல்லேன்னா சீல் பிரியாது. வண்டி இங்கேயே நின்னுடும், எங்களுக்கு ஒண்ணுமில்ல."

பேனா தாளின்மேல் நின்றது, இறங்கவில்லை. மெக்கானிக் தலையில் கைவைத்துக்கொண்டார். இந்த ஆள் செத்தாலும் அடித்து எழுத மாட்டார் என்று தெரிந்தவள் அங்கே ஒருத்திதான்.

"ஐயா," என்றாள் அக்கா காருக்குள்ளிருந்து. "தம்பிக்குச் சொல்லத் தெரியல. நான் சொல்லட்டுங்களா?"

தலைவர் மைக்கை அவள் பக்கம் நீட்டச் சொன்னார். பொதுமக்கள் பேசினால் பத்திரிகையில் நன்றாக வரும்.

"இவ்வளவு நுணுக்கமான சாமான். இதப் போய் புகையிலயும் சூட்டுலயும் மாட்டறதுக்கு மனசு வருமாங்க? நாளைக்கே கருத்துப் போயிடும். ஒரு சிகரம் தேஞ்சா உங்க உழைப்பெல்லாம் என்னத்துக்காகும்? அதான் அவனுக்குக் கை வரமாட்டேங்குது. இத நீங்களே கண்ணாடிப் பெட்டியில வச்சுக் காப்பாத்துங்க. எங்க வண்டிக்கு ஏதோ எங்க தகுதிக்குத் தக்கன முழுசா எட்டு வாங்கிப் போட்டுக்கறோம்."

லேத்துக்கார அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். தலைவரின் கண்ணில் நிஜமாகவே தண்ணீர்.

"பதினோரு வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன்," என்றார். "ஒரு சாதாரணக் குடும்பத்துலருந்து இப்படி ஒரு வார்த்த கேட்டதில்ல. ஒரு பொருள அதோட வேலையிலருந்து காப்பாத்தறதுதான் இந்த ஆணையத்தோட வேல. நானே அதுக்கு உதாரணமாத்தான் வாழ்ந்துட்டிருக்கேன்."

கைதட்டல் அடங்க நேரமானது. வண்டியில் என்ன ஸ்டட்டு போடுவது என்பது ஆணையத்தின் கவனத்துக்கு வரவேண்டிய விஷயமே இல்லை என்று தலைவர் கையை வீசினார். தானே கத்தரி வாங்கி முத்திரையை அறுத்தார். நாலரை மாதமாகப் பிரியாதது அரை நிமிடத்தில் பிரிந்தது. புதுத் தாள் கொண்டுவந்தார்கள். மீட்டர்காரர் எழுதினார்: 'எட்டும் ஆணையத்திடமே உள்ளன. பார்த்தேன்.' அதில் ஓர் எழுத்துக்கூடப் பொய்யில்லை, நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டார்.

எல்லாரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கண்ணாடிக் கூடத்துக்குள் போனார்கள், அங்கே இன்னும் மூன்று பேச்சு பாக்கி. மெக்கானிக் முற்றத்திலேயே சட்டைக் கையை மடித்தார். மேனிஃபோல்டைக் கழற்றியதும் ஒடிந்த உள்பாதி கொஞ்சம் தலை நீட்டிக்கொண்டிருந்தது. சூடு காட்டி, மெழுகு விட்டு, குறடால் பிடித்து மெள்ளத் திருகினார். அழாமல் அடம்பிடிக்காமல் வெளியே வந்தது. லேத்துக்கார அம்மா தன் எட்டையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். ஐம்பது நிமிடம். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் தொண்டையைச் செருமிக்கொண்டு, பிறகு தையல் மிஷின் மாதிரிச் சீராக ஓடியது. உள்ளே யாரோ மௌனத்தின் மாண்பைப் பற்றி மைக்கில் பேசிக்கொண்டிருந்தார். மருத்துவரிடம் பத்தரைக்குப் போக வேண்டியவர்கள் பதினொன்றுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

இரண்டு வாரமும் ஒரு நாள் விடாமல் போனார்கள். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு மடக்கினாள். கடைசி நாளில் பிளாஸ்டிக் பட்டையை வைத்து அளந்து, எண்பத்தாறு என்றார் மருத்துவர். அன்றைக்கு அவர் காலண்டரைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தே சொன்னார். அந்த எண் அதற்குப் பிறகு ஏறவில்லை. நூறு என்பது வராமலே போய்விட்டது. மிஷின் ஸ்டூலின் காலுக்கடியில் மெக்கானிக் நான்கு விரல் உயரக் கட்டை வைத்துக் கொடுத்தார். உயரத்தில் உட்கார்ந்து, வலது காலைச் சரித்து, அக்கா மிதிக்கிறாள். பாதி வேகம்தான். சீருடை மலை இப்போது குன்றாகத்தான் வருகிறது.

அதற்குப் பிறகும் மீட்டர்காரர் ஒரு நாள் ஆணையத்துக்குப் போனார். போக வேண்டாம் என்று அக்கா இந்தத் தடவை வாய்விட்டே சொன்னாள், இருந்தும் போனார், அவளும் காரில் கூடவே வந்தாள். மெக்கானிக் கழற்றிய உள்பாதியை அவர் எடுத்து வைத்திருந்தார். அதன் முனையை எண்ணியிருந்தார். பதினேழு பள்ளம், பதினாறு சிகரம். கூடத்தில் விளக்குப் போட்ட பெட்டியில் எட்டு அரை ஸ்டட்டுகளும் இருந்தன, 'ஒருபோதும் பயன்படுத்தப்படாதவை' என்ற பித்தளைப் பலகையோடு. அவர் ஆய்வாளரிடம் உள்பாதியை நீட்டி, இதையும் நான் முதலில் கொடுத்த வெளிப்பாதியையும் சேர்த்துப் பாருங்கள், பொருந்தும் என்றார்.

ஆய்வாளர் கையுறையோடு வாங்கிப் பூதக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ ஒன்று வந்து, வந்த வழியே திரும்பிப் போயிற்று.

"இது வேற பாகம்," என்றார். "ரொம்ப அபூர்வமானது. கவுண்டர்ல ஒரு படிவம் வாங்கிப் பூர்த்தி பண்ணுங்க. வண்டி எங்க நிக்குது?"

மீட்டர்காரர் இருபத்தெட்டு வருடத்தில் முதல் தடவையாக, தெரிந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் வந்துவிட்டார். கையை நீட்டி அந்தத் துண்டையும் திரும்ப வாங்கிக்கொண்டார். வெளியே பச்சைக் காரில் அக்கா காலை நீட்டிக் காத்திருந்தாள். நடந்ததைக் கேட்டுவிட்டு முட்டியைத் தட்டிக்கொண்டு சொன்னாள்.

"பேசாம இதையும் உள்ள குடுத்திருக்கலாம்டா தம்பி. எண்பத்தாறுலயே நிக்குது, இனிமே மாறப்போறதில்ல. அவங்களுக்குப் புடிக்கும்."

அவர் சாவியைத் திருப்பினார். வண்டி சத்தமில்லாமல் கிளம்பியது. அந்தத் துண்டு இப்போது மிஷின் டிராயரில் கிடக்கிறது. தைக்கும்போது காற்றில் துணி பறக்காமலிருக்க அக்கா அதை எடுத்துத் துணிமேல் வைக்கிறாள், அந்த வேலையை அது ஒழுங்காகச் செய்கிறது.

அவ்வளவுதான் கண்ணுகளா, எழுந்திருங்கள், காலை உதறிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் உடைந்த பொருளை உடைந்தது என்று சொல்ல ஒரு வாயும், அதை அன்று மத்தியானத்துக்குள் செய்து தர ஒரு கையும் எப்போதும் இருக்கட்டும். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு ஏறவும் இறங்கவும் அகலமான கதவு கிடைக்கட்டும். அறிவிப்பு எதையாவது படித்தே தீரவேண்டுமென்றால் மூன்றாம் பத்தி வரைக்கும் படிக்கும் பொறுமை உங்களுக்கு வரட்டும். உங்கள் குடும்பத்து முட்டியெல்லாம் நூறுக்கு மேலே மடங்கி, நீங்கள் நினைத்த இடத்தில் உட்கார்ந்து, நினைத்த நேரத்தில் எழுந்து நடமாடி, நல்லபடியாக இருங்கள்.